நெட்வொர்க்கும் சிப்பும் ஒரே நிறுவனத்தில் வளருமா? என்இசி போய்வந்த பாதை

கேள்வி இது: டாடா குழுமம் 2021இல் தொலைத்தொடர்புக் கருவி செய்யும் தேஜஸ் நெட்வொர்க்ஸை வாங்கியது, இப்போது குஜராத்தின் தொலேராவில் சிப் ஆலையும் கட்டுகிறது. தொலைத்தொடர்புக் கருவிகள், குறைக்கடத்தி (அதாவது சிப்) இரண்டையும் ஒன்றாக வளர்க்கும் உத்தி எடுபடுமா? இதற்கு முன் யாராவது அப்படி வளர்ந்திருக்கிறார்களா?

வளர்ந்திருக்கிறார்கள். ஜப்பானின் என்இசி இதே உத்தியைப் பிடித்துக்கொண்டு உலகின் முதலிடம் வரை போனது. 1985 முதல் 1991 வரை குறைக்கடத்தி விற்பனையில் உலகிலேயே பெரிய நிறுவனம் அதுதான். 1992இல்தான் இன்டெல் அதைத் தாண்டியது. அதே ஆண்டுகளில் தொலைத்தொடர்புக் கருவியிலும் பெருங்கணினியிலும் உலகின் முதல் ஐந்து இடங்களுக்குள் இருந்தது. மூன்று துறையிலும் ஒருசேர அந்த உயரத்தில் நின்ற நிறுவனம் அப்போது வேறு இல்லை. இன்று அந்த நிறுவனத்தின் கையில் சிப் தொழிலே இல்லை. ஏறியதற்கும் இறங்கியதற்கும் காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன என்பதால், டாடா பற்றிய கேள்விக்கு என்இசி வழியாகவே பதில் சொல்வது நல்லது என்று நினைக்கிறேன்.

என்இசி 1899இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்துடன் கூட்டாகத் தொடங்கப்பட்டது. வெளிநாட்டு மூலதனத்தோடு ஜப்பானில் அமைந்த முதல் கூட்டு நிறுவனம் அது. தொலைபேசிக் கருவிகளும் எக்ஸ்சேஞ்சுகளும் செய்து அரசுக்கு விற்பதே அதன் பிழைப்பு. போருக்குப் பின் ஜப்பானின் தொலைபேசி ஏகபோகமான என்டிடி உருவானபோது, அதற்குக் கருவி கொடுக்கும் நாலைந்து நெருங்கிய நிறுவனங்களில் என்இசி முதன்மையானது. புஜித்சு, ஹிட்டாச்சி, ஓகி ஆகியவை மற்றவை. இந்த வட்டத்தை ஜப்பானியர்கள் என்டிடியின் குடும்பம் என்றே சொல்வார்கள். இந்தக் குடும்ப உறவை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். என்இசியின் உயர்வும் சரிவும் அதில்தான் ஊன்றி நிற்கின்றன.

தொலைபேசிக் கம்பெனிக்கு சிப் எதற்கு? 1970களில் எக்ஸ்சேஞ்சுகள் டிஜிட்டலாக மாறத் தொடங்கின. பேசும் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட் எண்ணாக்கினால், ஓர் அழைப்புக்கு நொடிக்கு 64,000 பிட் வருகிறது. பல அழைப்புகளின் பிட்டுகள் ஒரே கம்பியில் முறை வைத்து அடுத்தடுத்து வரும். எந்த அழைப்பு எங்கே போக வேண்டும் என்று மாற்றிவிடுவதுதான் எக்ஸ்சேஞ்சின் வேலை. பழைய எக்ஸ்சேஞ்சில் இதற்கு உலோகத் தொடுமுனைகள் அசைந்து சேர வேண்டும். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் நினைவகச் சிப் போதும்: வந்த வரிசையில் எழுதி வைத்து, போக வேண்டிய வரிசையில் எடுத்து அனுப்பினால் இணைப்பு மாறிவிடுகிறது. தபால் நிலையத்தில் வந்த கடிதங்களை அறை அறையாகப் போட்டுவிட்டு, தெரு வரிசைப்படி எடுத்துக் கட்டுவது போன்ற வேலை. எக்ஸ்சேஞ்ச் என்பது நினைவகமும் அதை ஆளும் கணினியும் என்றாகிவிட்டது. அப்படியானால் நினைவகச் சிப்பில் யார் கை ஓங்குகிறதோ, அவரே எக்ஸ்சேஞ்சின் விலையையும் தரத்தையும் தீர்மானிப்பார்.

இதை மற்றவர்களுக்கு முன்னால் கண்டுகொண்டவர் கோஜி கோபயாஷி. 1964இல் தலைவரான அவர், கணினியும் தொலைத்தொடர்பும் ஒன்றாகிவிடும், இரண்டையும் கட்டுவது குறைக்கடத்தியே என்று 1977இல் அட்லாண்டாவில் நடந்த தொலைத்தொடர்பு மாநாட்டில் வெளிப்படையாக அறிவித்தார். ‘சி அண்ட் சி’ (கம்ப்யூட்டர்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்ஸ்) என்று அந்தக் கொள்கைக்குப் பெயர். இன்று யாரும் சொல்லக்கூடிய கருத்துதான். ஆனால் அன்று தொலைபேசி ஒரு தொழில், கணினி வேறொரு தொழில், சிப் இன்னொரு தொழில். மூன்றுக்கும் வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு பொறியாளர்கள், வெவ்வேறு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

கோபயாஷியின் பேச்சைவிட அவர் நிறுவனம் அதை நடத்திய முறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1970களின் தொடக்கத்திலேயே மூத்த மேலாளர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்து, எந்தத் திறன் எந்தப் பிரிவுக்கெல்லாம் பொதுவாகத் தேவை என்று பார்த்தார்கள். தங்களிடம் இல்லாததை வெளியே இருந்து கற்றார்கள். கணினிக்கு 1962இலேயே அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனத்திடம் உரிமம் வாங்கியிருந்தார்கள். 1987க்குள் இப்படி நூறுக்கும் மேற்பட்ட கூட்டணிகள். எல்லாவற்றையும் சொந்தமாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் அவர்களிடம் இல்லை. கற்றதை மூன்று துறைக்கும் பரப்ப வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது.

இந்த அணுகுமுறையை உலகம் முழுக்க மேலாண்மை வகுப்புகளுக்குக் கொண்டுபோனவர் நம் கோயம்புத்தூரில் பிறந்த சி. கே. பிரகலாத். 1990இல் கேரி ஹாமெலுடன் சேர்ந்து அவர் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையில் என்இசியையும் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஜிடிஇயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். 1980இல் ஜிடிஇயின் விற்பனை 998 கோடி டாலர், என்இசியின் விற்பனை 380 கோடி டாலர். 1988இல் ஜிடிஇ 1,646 கோடி டாலர், என்இசி 2,189 கோடி டாலர். தொடக்கத்தில் ஜிடிஇயிடமும் தொலைபேசி, குறைக்கடத்தி, தொலைக்காட்சி என்று எல்லாமே இருந்தன. ஆனால் அங்கே ஒவ்வொரு பிரிவும் தனித் தீவு. என்இசி தன்னைத் திறன்களின் தொகுப்பாகப் பார்த்தது, அதனால் முந்தியது என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்தை நான் முக்கால்வாசி ஏற்கிறேன். ஏற்காத கால்வாசியில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. திறன் பொதுவாக இருந்தால் போதாது. அந்தத் திறனால் உருவாகும் சிப், தன் வீட்டுக் கருவிகளில் எத்தனை எண்ணிக்கையில் போய்ச் சேர்கிறது என்பதும், அந்தக் கருவிகள் எத்தனை நாடுகளுக்குப் போகின்றன என்பதும் கணக்கில் வர வேண்டும். அந்தக் கணக்கில் என்இசி தோற்றது.

முதலில் சிப் பக்கம். என்இசியை உச்சிக்குக் கொண்டுபோனது டிராம் என்ற நினைவகச் சிப். எக்ஸ்சேஞ்சுக்காகவும் பெருங்கணினிக்காகவும் வளர்த்த அந்தத் திறன், 1980களில் உலகக் கணினிச் சந்தைக்கே சரக்கு கொடுக்கும் தொழிலாகிவிட்டது. 1976 முதல் 1980 வரை ஜப்பான் அரசு முன்னின்று நடத்திய மிகப்பெரும் ஒருங்கிணைவுச் சுற்றுத் திட்டத்தில் என்இசி, ஹிட்டாச்சி, புஜித்சு, மிட்சுபிஷி, தோஷிபா ஐந்தும் சேர்ந்து ஆராய்ந்ததும் உதவியது. ஆனால் டிராம் என்பது எவர் செய்தாலும் ஒன்றுபோலவே இருக்கும் சரக்கு. வாங்குபவர் விலை மட்டுமே பார்ப்பார். ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிய ஆலை வேண்டும். விலை விழும்போதும் முதலீட்டை நிறுத்தக் கூடாது. 1996இல் டிராம் விலை ஒரே ஆண்டில் முக்கால் பங்கு அளவுக்குச் சரிந்தது. 1992இலேயே டிராமில் முதலிடத்தைப் பிடித்திருந்த சாம்சங், சரிவிலும் பணத்தைக் கொட்டியது. பத்துப் பன்னிரண்டு தொழில்களுக்குப் பணத்தைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியிருந்த என்இசியால் அப்படிச் செய்ய முடியவில்லை.

நெட்வொர்க் தொழிலின் நேரக்கணக்கே வேறு. ஓர் எக்ஸ்சேஞ்சை விற்றால் இருபது ஆண்டு அதைப் பராமரிக்க வேண்டும். வாடிக்கையாளர் எண்ணிக்கை குறைவு, உறவு நீளம், வருமானம் நிதானம். டிராமில் இரண்டு ஆண்டுக்குள் லாபம் நட்டமாகிறது. இந்த இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தால், நல்ல ஆண்டில் சிப் பிரிவு எல்லோரையும் மயக்குகிறது. கெட்ட ஆண்டில் நெட்வொர்க் பிரிவின் ஆராய்ச்சிப் பணத்தையும் தின்றுவிடுகிறது.

என்இசி இறங்கியதற்கு டிராமையே முழுக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நெட்வொர்க் பக்கத்தில் இருந்த பலவீனம் இன்னும் ஆழமானது என்பது என் உறுதியான கருத்து. என்டிடி தனக்கு வேண்டிய எக்ஸ்சேஞ்சைத் தன் ஆய்வகத்திலேயே வரையறுக்கும். டி60, டி70 என்ற டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் அப்படி வந்தவை. குடும்ப நிறுவனங்கள் அந்த வரையறைப்படி செய்து கொடுக்கும். விலைக்கு உத்தரவாதம் உண்டு, போட்டி குறைவு. ஆனால் அந்தக் கருவியை வெளிநாட்டில் யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் ஏற்றுமதிக்கு என்று என்இசி நீயாக்ஸ் 61 என்ற தனி எக்ஸ்சேஞ்சைச் செய்தது. ஒரே நிறுவனத்தில் இரண்டு எக்ஸ்சேஞ்சுகள், இரண்டு மென்பொருள்கள், இரண்டு பொறியாளர் படைகள்.

கைபேசி காலம் வந்தபோது இது இன்னும் மோசமானது. 1993இல் ஜப்பான் பிடிசி என்ற தனக்கே உரிய இரண்டாம் தலைமுறை முறையில் இறங்கியது. உலகின் பெரும்பகுதி ஐரோப்பாவில் உருவான ஜிஎஸ்எம் முறையின் பக்கம் போனது. உள்நாட்டில் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் கிடைத்ததால் என்இசிக்கு அப்போது வலி தெரியவில்லை. ஆனால் எரிக்சனும் நோக்கியாவும் ஒரே வடிவமைப்பைப் பல கண்டங்களில் விற்றுக்கொண்டிருந்த அந்தப் பத்தாண்டில், என்இசியின் கைபேசி நெட்வொர்க் சிப்புகள் போய்ச் சேரப் பெரும்பாலும் ஒரே ஒரு நாடுதான் இருந்தது. மூன்றாம் தலைமுறையில் முந்திக்கொள்ள முயன்றார்கள். 2001 அக்டோபரில் என்டிடி டோகோமோ உலகிலேயே முதலாவதாக டபிள்யூ-சிடிஎம்ஏ என்ற மூன்றாம் தலைமுறைச் சேவையைத் தொடங்கியபோது கருவியும் கைபேசியும் கொடுத்தவர்களில் என்இசி உண்டு. 2003இல் பிரிட்டனின் ‘3’ நிறுவனத்துக்கும் கொடுத்தார்கள். அதற்குள் ஐரோப்பியர்களின் பிடி இறுகிவிட்டது. சீன நிறுவனங்களும் வரத் தொடங்கிவிட்டன.

இடையில் நிறுவனமே ஆட்டம் கண்டது. அமெரிக்காவின் பேக்கர்டு பெல் கணினி நிறுவனத்தில் போட்ட பணம் வீணானது. பாதுகாப்புத் துறைக்குக் கூடுதல் விலை வைத்த விவகாரத்தில் 1998இல் நிறுவனத் தலைவர் செகிமோதோ பதவி விலகினார். 1999இல் பொறுப்பேற்ற கோஜி நிஷிகாகி, 2000 ஏப்ரலில் நிறுவனத்தை மூன்று உள்நிறுவனங்களாகப் பிரித்தார்: தீர்வுகள், நெட்வொர்க்குகள், மின்னணுச் சாதனங்கள். பொருளைப் பார்த்து இல்லாமல் வாடிக்கையாளரைப் பார்த்துப் பிரித்த பிரிவு இது. தொழில் நிறுவனங்களும் தனிநபர்களும் ஒன்றுக்கு, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒன்றுக்கு, கருவி செய்பவர்கள் ஒன்றுக்கு.

இந்த 2000ஆம் ஆண்டுத் திட்டத்தை நான் மதிக்கிறேன். டிராமிலிருந்து விலகி, கைபேசிக்கும் இணையக் கருவிக்கும் ஏற்ற சிக்கலான சிப்புகளுக்குப் போவது. இணையத்தையே நெட்வொர்க் தொழிலின் மையமாக வைப்பது. திசை சரியானதுதான், வந்த நேரம்தான் கொடுமை. சில மாதங்களிலேயே இணையக் குமிழி உடைந்தது, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வாங்குவதை நிறுத்தின. சிப்பும் நெட்வொர்க்கும் ஒரே நேரத்தில் விழுந்தன. ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும் என்று இரண்டு தொழிலை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஒன்றுக்கொன்று நெருக்கமான தொழில்கள் நல்ல காலத்தில் ஒன்றுக்கொன்று உதவும், கெட்ட காலத்தில் சேர்ந்தே கவிழும். 2002 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் என்இசியின் நிகர நட்டம் சுமார் 31,200 கோடி யென்.

அதன்பின் நடந்தது பிரிவினை. டிராமை ஏற்கெனவே 1999 இறுதியில் ஹிட்டாச்சியுடன் சேர்த்துத் தனியாக்கியிருந்தார்கள். அது எல்பிடா ஆனது. எல்பிடா 2012 பிப்ரவரியில் திவாலாகி, 2013இல் அமெரிக்காவின் மைக்ரான் கைக்குப் போனது. என்இசி ஹிரோஷிமாவில் கட்டிய டிராம் ஆலையில் இன்று மைக்ரான் உற்பத்தி செய்கிறது. டிராம் அல்லாத சிப் தொழில் 2002 நவம்பரில் என்இசி எலெக்ட்ரானிக்ஸ் என்று பிரிந்து, 2003 ஜூலையில் பங்குச்சந்தைக்கு வந்து, தொடர்ந்து நட்டம் கண்டு, 2010 ஏப்ரலில் ஹிட்டாச்சி, மிட்சுபிஷி ஆகியவற்றின் சிப் தொழிலோடு சேர்ந்து ரெனேசாஸ் எலெக்ட்ரானிக்ஸ் ஆனது. அடுத்த ஆண்டே பூகம்பம் அதன் நாகா ஆலையை முடக்கியது; உலகெங்கும் கார் உற்பத்தி தடுமாறியது. 2013இல் அரசு சார்ந்த நிதியமும் டொயோட்டா, நிஸ்ஸான் போன்ற வாடிக்கையாளர்களும் 15,000 கோடி யென் போட்டுக் காப்பாற்றினார்கள். கார் கம்பெனிகள் சிப் கம்பெனியைக் காப்பாற்ற வந்தது ஏன் என்று யோசித்தால் விஷயம் புரியும். அவர்களின் கார்கள் கோடிக்கணக்கில் போகின்றன, அவற்றில் அந்தச் சிப் இல்லாமல் முடியாது. அப்படிப்பட்ட வாடிக்கையாளர் என்இசியின் சொந்த நெட்வொர்க் பிரிவாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

சிப்பை விட்ட பிறகு நெட்வொர்க் பக்கம் என்ன ஆனது? அழியவில்லை, ஆனால் சுருங்கியது. 2001 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 5.4 லட்சம் கோடி யென்னாக இருந்த மொத்த விற்பனை, 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 3.4 லட்சம் கோடி யென். 2008இல் நெட்கிராக்கர் என்ற தொலைத்தொடர்பு மென்பொருள் நிறுவனத்தை வாங்கினார்கள். அதே ஆண்டில் கடலடிக் கேபிள் செய்யும் ஓசிசி நிறுவனத்தைச் சுமிடோமோ எலெக்ட்ரிக்குடன் சேர்ந்து வாங்கினார்கள். நம் ஊருக்கும் அதில் பங்கு உண்டு: 2020 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட சென்னை – அந்தமான் கடலடிக் கேபிளை, சுமார் 2,300 கிலோமீட்டர், பிஎஸ்என்எல்லுக்காக இட்டுக் கொடுத்தது என்இசிதான். அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த போர்ட் பிளேருக்கு அது பெரிய மாற்றம். கடலடிக் கேபிள் உலகில் ஒரு சிலரே செய்யக்கூடிய வேலை, எந்த நாட்டுக்கும் ஒரே தரம். என்இசிக்கு அங்கே இன்னும் மதிப்பு இருப்பது தற்செயல் இல்லை. 2020 ஜூனில் என்டிடி 6,450 கோடி யென் போட்டு என்இசியின் பங்கை வாங்கியது. பல நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பொருந்தும் திறந்த ரேடியோ நெட்வொர்க்கை உலகுக்கு விற்பது நோக்கம். பழைய குடும்பம் முப்பது ஆண்டு தாமதமாக வெளியே போக முயன்ற முயற்சி என்று இதைச் சொல்வேன்.

அந்த முப்பது ஆண்டில் கோபயாஷியின் கனவை நடத்திக் காட்டியது சீனாவின் ஹுவாவே. 1991இலேயே சொந்தச் சிப் வடிவமைப்பு மையம், 2004இல் ஹைசிலிகான் என்ற தனிச் சிப் நிறுவனம். ஆலை கட்டவில்லை, வடிவமைப்பு தன்னிடம், உற்பத்தி, பிறருக்குச் சிப் செய்து கொடுக்கும் தைவானின் டிஎஸ்எம்சியிடம். தன் கருவிகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனதால் ஒவ்வொரு சிப்பின் வடிவமைப்புச் செலவும் பரவிக் கரைந்தது. இந்த ஏற்பாட்டின் ஆபத்தும் அங்கேயே தெரிந்தது: 2020இல் அமெரிக்கத் தடை டிஎஸ்எம்சியின் கதவை மூடியது. சொந்தச் சிப் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு நோக்கியா இருக்கிறது. 5ஜி தொடக்கத்தில் அதன் ரீஃப்ஷார்க் சிப் நேரத்துக்கு வராமல், எந்த வேலைக்கும் மாற்றியமைக்கக்கூடிய, ஆனால் விலை கூடிய எஃப்பிஜிஏ சிப்புகளை வைத்துக் கருவி விற்று லாபத்தை இழந்தது. நெட்வொர்க் கம்பெனிக்குச் சிப் அறிவு வேண்டுமா என்ற கேள்விக்கு நோக்கியாவின் அந்த இரண்டு ஆண்டுகளே போதுமான பதில்.

இப்போது டாடாவுக்கு வருவோம். தேஜஸ் 2022இல் பெங்களூரின் சாங்க்யா லேப்ஸை வாங்க ஒப்பந்தம் செய்தது. அது சிப் வடிவமைக்கும் நிறுவனம். இந்த இணைப்பு ஹுவாவே போன பாதையைச் சேர்ந்தது, எனக்கு நம்பிக்கை தருவதும் இதுதான். தொலேரா வேறு கதை. தைவானின் சிப் நிறுவனமான பிஎஸ்எம்சியின் தொழில்நுட்பத்தோடு, 91,000 கோடி ரூபாயில், மாதம் 50,000 வேஃபர் (சிப்புகள் உருவாகும் சிலிக்கான் தட்டு) திறனில் வரும் ஆலை 28 நானோமீட்டரும் அதற்கு மேலும்தான் செய்யப்போகிறது. இந்த எண் குறையக் குறையச் சிப் நுட்பமானது; 5ஜி நிலையத்தின் மூளையாக இருக்கும் சிப் இன்று 7, 5 நானோமீட்டர்களில் செய்யப்படுகிறது. ஆகவே தேஜஸின் முக்கியச் சிப் தொலேராவில் உருவாகாது. தொலேராவின் இயல்பான வாடிக்கையாளர்கள் கார், மின்விசைக் கட்டுப்பாடு, திரை இயக்கி ஆகிய துறைகளில் இருக்கிறார்கள். கடைசியில் ரெனேசாஸ் போய்ச் சேர்ந்த துறையும் அதுதான். ஒரே குழுமத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே இருந்தாலும் இவை இரண்டு தொழில்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனி முதலீட்டு முடிவு இருந்தால் என்இசிக்கு வந்த சுமை டாடாவுக்கு வராது.

நான் கூர்ந்து பார்ப்பது வேறொன்றை. 2023இல் தேஜஸுக்குக் கிடைத்த 7,492 கோடி ரூபாய் ஆர்டர், பிஎஸ்என்எல்லின் சுமார் ஒரு லட்சம் 4ஜி நிலையங்களுக்கு. அதாவது ஒரே நாடு, ஒரே அரசு வாடிக்கையாளர். என்டிடிக்கு என்இசி இருந்த இடத்தில் இன்று பிஎஸ்என்எல்லுக்குத் தேஜஸ் இருக்கிறது. ஒரு நல்ல வேறுபாடு உண்டு: இந்தியா 4ஜியிலும் 5ஜியிலும் உலகப் பொதுத் தரத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறது, பிடிசி போல் தனி முறை வைக்கவில்லை. அதனால் அதே கருவியை ஆப்பிரிக்காவிலோ தென்கிழக்கு ஆசியாவிலோ விற்பதற்குத் தொழில்நுட்பத் தடை இல்லை. விற்கிறார்களா என்பதை ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும், வெளிநாட்டு வருமானம் என்ற ஒரே வரியில் பார்த்துவிடலாம். சாங்க்யாவின் அடுத்த சிப்புக்கு எவ்வளவு செலவிட முடியும் என்பது அந்த வரியைப் பொறுத்தது.